நீலத் திரை: காரணத்தைக் கண்டறிதல்

விண்டோஸ் இயங்குதளம், தன்னால் மீள முடியாத ஒரு பிழையைத் தன் மையப் பகுதியில் சந்திக்கும்போது, நடந்துகொண்டிருக்கும் எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டுத் திரை முழுவதும் ஓர் அறிவிப்பைக் காட்டுகிறது. இதுவே நீலத் திரை எனப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆவணங்களில் இதற்கு ஸ்டாப் எரர், பக் செக் என்ற பெயர்கள் உண்டு. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. 3.1 காலத்திலிருந்தே இது இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது திரையில் சோக முகக் குறி சேர்ந்தது, 2016-இல் கியூ.ஆர். குறியீடு சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டின் புதுப்பிப்புகளுக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் இத்திரை கருப்பு நிறத்தில் வருகிறது. நிறம் மாறினாலும் காரணத்தைக் கண்டறியும் முறை மாறவில்லை.

வீட்டுக் கணினியில் இரண்டு மூன்று முறை நீலத் திரை வந்துவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குப் போவதும், அங்கே ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவித் தருவதும் வழக்கமாகிவிட்டது. கோளாறு மென்பொருளில் இருந்தால் இதனால் குணமாகும். வன்பொருளில் இருந்தால் ஒரு வாரத்தில் அதே திரை திரும்பி வரும். அதற்குள் பிள்ளைகளின் படங்களும் படிப்புக்கான கோப்புகளும் அழிந்திருக்கும். காரணம் தெரியாமல் செய்யும் ஃபார்மட், நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து போன்றது; பக்க விளைவு மட்டும் உறுதி.

கணினி ஏன் தானாக நின்றுவிடுகிறது?

நாம் பயன்படுத்தும் உலாவி, சொற்செயலி போன்ற நிரல்கள் பயனர் நிலையில் ஓடுகின்றன. அங்கே ஒரு நிரல் தவறு செய்தால் விண்டோஸ் அந்த நிரலை மட்டும் மூடிவிடும். மற்றவை தொடர்ந்து ஓடும். இயங்குதளத்தின் மையமான கெர்னல் இதற்கு மேலான நிலையில் ஓடுகிறது. நினைவகம் முழுவதையும் எல்லாக் கருவிகளையும் அதனால் நேரடியாகத் தொட முடியும். திரை அட்டை, வைஃபை, அச்சுப்பொறி முதலியவற்றை இயக்கும் டிரைவர்கள் பலவும் இதே நிலையில்தான் ஓடுகின்றன. கெர்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு டிரைவர் தவறான இடத்தில் எழுதிவிட்டால், அந்தத் தவறு எங்கெல்லாம் பரவியிருக்கும் என்று இயங்குதளத்தால் சொல்ல முடியாது. கெட்டுப்போன தகவலை வன்தட்டில் எழுதிக் கோப்புகளையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அது அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே நீலத் திரை பயனரின் தகவலைக் காக்கும் ஏற்பாடும் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்திலும் இதே காரணத்துக்காகக் கெர்னல் பேனிக் என்ற நிறுத்தம் உண்டு.

1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் இருக்கும்போதே, விண்டோஸ் 98 இயங்கிய கணினியில் ஒரு ஸ்கேனரை இணைத்தவுடன் நீலத் திரை தோன்றியது. புதிய கருவியை இணைத்ததும் வரும் நீலத் திரைக்கு இதைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இல்லை.

போலித் திரை

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. சில இணையப் பக்கங்கள் உலாவியையே திரை முழுவதும் விரித்து, நீலத் திரை போன்ற படத்தைக் காட்டி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொல்லும். சிலவற்றில் பதிவுசெய்த குரலும் ஒலிக்கும். இது பணம் பறிக்கும் மோசடி. உண்மையான நீலத் திரையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது, சுட்டியும் நகராது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தும்போது வழக்கமான விண்டோஸ் பட்டியல் தோன்றினால், அது போலி. உலாவியை மூடினால் போதும். வீட்டில் தனியாகக் கணினி பயன்படுத்தும் முதியவர்களுக்கு இதைச் சொல்லிவைப்பது நல்லது.

முதல் வேலை: கோப்புகளைக் காப்பாற்றுதல்

கணினி இடையிடையேயாவது ஓடிக்கொண்டிருந்தால், சோதனைகள் எதையும் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுக்க வேண்டும். கோளாறு வன்தட்டில் இருக்குமானால், நாம் செய்யும் சோதனையே அதன் கடைசி வேலையாகிவிடலாம்.

விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. இதனை பிட்லாக்கர் என்பர். மீட்புத் திரைக்குள் போனாலோ பயாஸ் அமைப்பை மாற்றினாலோ அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். பெரும்பாலும் அந்தச் சாவி, கணினியைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ அந்தக் கணக்கைத் திறந்து, சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேற்கொண்டு செல்ல வேண்டும். சாவி இல்லாவிட்டால் வட்டு நன்றாக இருந்தும் உள்ளிருப்பவற்றைப் படிக்க முடியாது.

திரையில் உள்ளதைப் படித்தல்

நீலத் திரையின் அடிப்பகுதியில் ஸ்டாப் கோட் என்று ஒரு பெயர் இருக்கும். சில நேரம் அதனுடன் பிழையோடு தொடர்புடைய கோப்பின் பெயரும் இருக்கும். இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். படிப்பதற்குள் கணினி மறுபடி தொடங்கிவிட்டால், சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் சாளரத்தில் அட்வான்ஸ்டு தாவலின் கீழ் உள்ள ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி பகுதிக்குச் சென்று, தானாக மறுதொடக்கம் செய்யும் தேர்வை நீக்கிவிட வேண்டும்.

தவறவிட்டாலும் கவலையில்லை. நின்ற நேரத்தில் நினைவகத்தில் இருந்தவற்றின் ஒரு பகுதியை விண்டோஸ் வட்டில் எழுதி வைக்கிறது. இது டம்ப் கோப்பு எனப்படும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறையில், ஒவ்வொரு முடக்கத்துக்கும் ஒன்றாக, தேதியோடு கூடிய சிறு கோப்புகள் இருக்கும். புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச நிரல் இவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். ஆழமாக ஆராய விரும்புவோர்க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வின்டிபக் உண்டு.

டம்ப் கோப்பே இல்லையென்றால் அதுவும் ஒரு தடயம். ஈவென்ட் வியூவர் நிரலில் சிஸ்டம் பதிவேட்டைத் திறந்தால், கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கிய ஒவ்வொரு முறைக்கும் கெர்னல்-பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கும். அதன் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்ற வரிக்கு எதிரே 0 இருந்தால், பெரும்பாலும் அது நீலத் திரையே அல்ல. மின்சாரம் அறுந்ததாகவோ கணினி அப்படியே உறைந்ததாகவோ இருக்கும். அப்போது தேட வேண்டிய இடம் மின் வழங்கியும் மின் இணைப்பும்தான்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுத்தக் குறியீட்டு எண்கள் பதினாறடிமான முறையில் எழுதப்படுகின்றன. 41-ஆம் பதிவிலோ அதே எண் பதின்மானத்தில் இருக்கும். பதினாறடிமானத்தில் 124 என்பது 256 + 32 + 4, அதாவது பதின்மானத்தில் 292. அதேபோல் 50 என்பது 80; 116 என்பது 278. இந்த மாற்றம் தெரியாமல் 292 என்ற எண்ணை இணையத்தில் தேடிக் குழம்புகிறவர்கள் உண்டு.

கூச்சலிட்டவனும் கிள்ளியவனும்

வகுப்பில் திடீரென்று ஒரு மாணவன் கூச்சலிட்டால், ஆசிரியரின் கண்ணில் படுபவன் அவன்தான். கிள்ளியவன் பின்வரிசையில் பாடப் புத்தகத்தைப் பார்த்தபடி அமைதியாக இருப்பான். நீலத் திரையிலும் இதே நிலைமைதான். திரையில் வரும் பெயர், கோளாறு வெளிப்பட்ட இடத்தையே சொல்கிறது; கோளாறு பிறந்த இடம் வேறாக இருக்கலாம். டம்ப் கோப்புகளில் அடிக்கடி குற்றவாளியாகக் காட்டப்படுவது என்.டி.ஓ.எஸ்.கே.ஆர்.என்.எல். என்ற கோப்பு. அது விண்டோஸ் கெர்னலேதான். யாரோ கெடுத்துவைத்த நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கூச்சலிடுவது அதன் வேலை. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறு.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் செயலியே மெல்ல மெல்லச் சேதமடைந்தது. அக்கணினிகளில் விளையாடியவர்களுக்கு வந்த செய்தியோ, திரை அட்டையின் நினைவகம் போதவில்லை என்பது. நல்ல திரை அட்டையைச் சந்தேகித்தவர்கள் பலர். 2024-இல் இன்டெல் காரணத்தை வெளியிட்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் அளித்து, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தத் தலைமுறைச் செயலி உள்ளவர்கள் பயாஸைப் புதுப்பிப்பது அவசியம். ஏற்கெனவே சேதமடைந்த செயலியைப் புதுப்பிப்பு குணப்படுத்தாது.

ஆயினும் குறியீடுகள் பயனற்றவை அல்ல. எந்தப் பக்கம் தேடத் தொடங்கலாம் என்பதை அவை காட்டுகின்றன. 124 என்ற எண் கொண்ட டபிள்யூ.எச்.இ.ஏ. பிழை, வன்பொருளில் தவறு என்று வன்பொருளே கொடுத்த அறிக்கை. செயலி, மின்னழுத்தம், வெப்பம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 116 என்பது, திரை அட்டை குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை, அதை மீட்கும் முயற்சியும் பலிக்கவில்லை என்பதாகும். 7ஏ, வட்டிலிருந்து தகவலைப் படிக்க முடியாமல் போனதைக் குறிக்கும். 9எஃப், கணினி உறங்கும்போதோ விழிக்கும்போதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லும். மெமரி மேனேஜ்மென்ட் என்ற 1ஏ, பேஜ் ஃபால்ட் என்ற 50, ஐ.ஆர்.கியூ.எல். என்று தொடங்கும் ஏ ஆகிய மூன்றும் நினைவகத்தில் இருக்கக் கூடாதது இருந்ததைக் காட்டும். அதை அங்கே வைத்தது டிரைவராகவும் இருக்கலாம், ரேமின் பழுதாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு திரையை வைத்து முடிவுக்கு வருவதைவிட, நான்கைந்து முடக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது மேல். ஒவ்வொரு முறையும் அதே குறியீடு, அதே கோப்பு என்றால் பெரும்பாலும் அந்த டிரைவர் அல்லது அது இயக்கும் கருவி. குறியீடு ஒவ்வொரு முறையும் வேறு வேறு, கோப்பும் வேறு வேறு என்றால் ரேம், மின் வழங்கி, செயலி போன்ற அடிப்படை உறுப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி, நேரம், குறியீடு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நான்கு பத்தி போட்டு எழுதிவந்தால் போதும். விண்டோஸிலேயே ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற வசதி உள்ளது. அது எந்த நாளில் முடக்கம் வந்தது, அந்த நாளில் என்ன நிறுவப்பட்டது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டும். முடக்கம் தொடங்கிய நாளுக்கு முந்திய நாள் ஒரு டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தால், பாதி வேலை முடிந்தது.

மென்பொருளா என்று பார்த்தல்

சேஃப் மோடில் விண்டோஸ் மிகத் தேவையான டிரைவர்களை மட்டும் ஏற்றுகிறது. உள்நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். தொடர்ந்து சில முறை தொடங்கத் தவறினாலும் மீட்புத் திரை தானாக வரும். சேஃப் மோடில் நீண்ட நேரம் சிக்கலின்றி ஓடினால், அண்மையில் வந்த டிரைவர் அல்லது நிரல் மீது சந்தேகம் வலுக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் டிரைவர் மூலம் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். சிஸ்டம் ரீஸ்டோர் முன்பே இயக்கப்பட்டிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். டிரைவர்களைக் கணினி அல்லது உதிரிப்பாக நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் நிரல்களை நான் பரிந்துரைப்பதில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். அக்கணினிகளில் எந்த உறுப்பும் பழுதாகவில்லை. கெர்னல் நிலையில் ஓடிய ஒரு டிரைவர், புதிதாக வந்த கோப்பைப் படிக்கும்போது தனக்குரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொட்டது. சேஃப் மோடில் நுழைந்து அந்தக் கோப்பை நீக்கியதும் அவை எழுந்துகொண்டன. பெரும்பாலும் ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால் சரிசெய்ய எஸ்.எஃப்.சி., டிஸ்ம் என்ற இரண்டு கட்டளைகள் உள்ளன. நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் இவற்றை ஓட்டலாம். டிரைவர் வெரிஃபையர் என்ற கருவியும் உண்டு. ஆனால் அது வேண்டுமென்றே டிரைவர்களைத் திணறடித்து நீலத் திரையை வரவழைக்கும் கருவி. அதை இயக்கிவிட்டுக் கணினி தொடங்கவே முடியாமல் தவித்தவர்கள் உண்டு. புதியவர்கள் தொடாமல் இருப்பதே நலம்.

மென்பொருளா வன்பொருளா என்று பிரித்தறிய இன்னொரு வழி: உபுண்டு போன்ற லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, வட்டில் நிறுவாமலேயே இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. அதிலும் கணினி உறைந்தால் விண்டோஸ் மீது பழி போட முடியாது.

நினைவகச் சோதனை

உறவினர் வீட்டு மேசைக்கணினி ஒன்றில் வாரத்துக்கு நான்கைந்து முறை நீலத் திரை வந்தது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்தார்கள். முதல் முறையே அவர்கள் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் போய்விட்டன. வேறு பிரதி இல்லை. மூன்றாம் முறை நான் மினிடம்ப் கோப்புகளைப் பார்த்தபோது, ஐந்து கோப்புகளில் நான்கு வகைக் குறியீடுகள் இருந்தன. உள்ளே இரண்டு 4 ஜிபி ரேம்கள்.

ரேமைச் சோதிக்க விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் போதுமான தொடக்கம். ஆனால் அது சில பழுதுகளைத் தவறவிடுகிறது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச, திறமூல நிரலைப் பென் டிரைவிலிருந்து தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடுவது நம்பகமானது. இந்தச் சோதனையில் ஒன்றிரண்டு பிழைதானே என்று விட முடியாது. பிழை எண்ணிக்கை 0 ஆக இருக்க வேண்டும். அந்தக் கணினியில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வந்துவிட்டன.

பிழை இருக்கிறது என்று தெரிந்தபின், அது எந்த ரேமில், அல்லது எந்த ஸ்லாட்டில் என்று பிரிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இங்கே மீறக் கூடாத விதி. மின் இணைப்பை நீக்கி, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ஒரு ரேமைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ரேம். பிழை காட்டிய ரேமை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றி மறுபடி ஒரு சோதனை. பிழை ரேமோடு சேர்ந்து நகர்ந்தால் ரேம் பழுது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் மதர்போர்டு பழுது. கழற்றிச் செருகியதுமே பிழை மறைந்துவிட்டால், தொடர்பு முனைகளில் தூசியோ களிம்போ இருந்திருக்கலாம். பென்சில் அழிப்பானால் முனைகளை மெதுவாகத் துடைத்துத் துகள்களை ஊதிவிடுவது கடைக்காரர்கள் செய்வது. அழுத்தித் தேய்க்கக் கூடாது. எக்ஸ்.எம்.பி. போன்ற வேகப்படுத்தும் அமைப்பு பயாஸில் இயக்கப்பட்டிருந்தால், அதை நீக்கி இயல்பு வேகத்தில் சோதித்த பின்பே ரேமைக் குறை சொல்ல வேண்டும்.

உறவினர் வீட்டில் பிழை ரேமோடு நகர்ந்தது. அதைக் கழற்றியபின் ஒற்றை 4 ஜிபியுடன் கணினி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடியது. பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. வாங்கிய ரசீது இருந்தால் மாற்றித் தருவார்கள். எங்களிடம் ரசீது இல்லை.

வட்டு, வெப்பம், மின்சாரம்

வட்டின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரல் காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் வட்டின் நாள்கள் எண்ணப்படுகின்றன. இத்தகைய வட்டில் செக் டிஸ்க் சோதனையை ஓட்டுவது, படியெடுக்கும் வேலை முடிந்தபின்தான். மேசைக்கணினியில் சாட்டா கம்பியை மாற்றிப் பார்ப்பது குறைந்த செலவில் முடியும்.

அதிக வெப்பத்தில் செயலி முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு கணினி சட்டென்று அணைந்துவிடும். நீலத் திரை வருவது அதைவிடக் குறைவு. ஆனாலும் தூசி அடைத்த மின்விசிறியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் மே மாத வெயிலில் சேர்ந்துகொண்டால் எதுவும் நடக்கும். மதியம் மட்டும் முடங்கி இரவில் ஒழுங்காக ஓடும் கணினியில் இதை முதலில் பார்க்கலாம்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின் வழங்கியைச் சோதிக்க வீட்டில் நல்ல வழி இல்லை. வேறொன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதே வழி. விளையாட்டு தொடங்கியதும், அதாவது திரை அட்டை அதிக மின்சாரம் கேட்கும்போது மட்டும் முடங்கினால் சந்தேகத்துக்கு இடமுண்டு.

கடைக்குக் கொண்டுபோகும்போது

மேற்சொன்னவற்றில் பாதியைத்தான் செய்ய முடிந்தது என்றாலும், மினிடம்ப் கோப்புறையின் படியையும் தேதி எழுதிய நோட்டையும் கொண்டுபோக வேண்டும். ஃபார்மட் செய்தால் அந்தக் கோப்புகளும் அழிந்துவிடும். முதலில் ரேமையும் வட்டையும் சோதியுங்கள், என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யாதீர்கள் என்று சொல்லி, அதை வேலைச் சீட்டிலும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.